டாப்பில் மெஷின் சும்மா கிடக்கிறது, என் ஜாப் ஏன் பெண்டிங்கிலேயே நிற்கிறது?

கேட்டவரின் நிலைமை இது: துறையின் கிளஸ்டரில், அதாவது ஒன்றாகப் பிணைத்த பல கம்ப்யூட்டர்களில் (ஒவ்வொன்றும் ஒரு நோடு), ஜாப்களை வரிசைப்படுத்தி இடம் ஒதுக்கும் ஸ்லர்ம் என்ற மென்பொருள் ஓடுகிறது. மெஷினில் இப்போது என்ன ஓடுகிறது என்று காட்டும் டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் லோடே, அதாவது வேலைச் சுமையே, இல்லை. ஆனால் 16 கோர் (ப்ராசஸருக்குள் இருக்கும் கணக்கிடும் அலகு) கேட்ட ஜாப் காலையிலிருந்து வரிசையில் நிற்கிறது.

முதலில் ஒன்று கேட்கிறேன், டாப்பை எங்கே போட்டீர்கள்? லாகின் செய்த கையோடு போட்டிருந்தால் அது லாகின் நோடின், அதாவது எல்லோரும் முதலில் நுழையும் மெஷினின், கதை மட்டும்தான். ஜாப் ஓடப்போகும் கம்ப்யூட் நோடுகள் வேறு. சரி, அங்கேயே போய்ப் பார்த்ததாக வைத்துக்கொண்டாலும் பெரிய பயனில்லை. வழக்கமான அமைப்பில் ஸ்லர்ம் இடம் கொடுக்கும்போது லோடைப் பார்ப்பதில்லை. யாருக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம் என்ற தன் கணக்கைத்தான் பார்க்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலம் பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு வண்டி ஏறியவர்களுக்கு இது உடனே விளங்கும். சீட்டெல்லாம் காலியாகத்தான் தெரியும். கிட்டே போனால் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டோ கைக்குட்டையோ கிடக்கும். போட்டவர் கீழே டீ குடித்துக்கொண்டிருப்பார். டாப் ஆளைத் தேடுகிறது, ஸ்லர்ம் துண்டை எண்ணுகிறது.

துண்டுகளை எண்ண எஸ்-இன்ஃபோ கட்டளை போதும். ஐடில் என்றால் முழுக் காலி, அலாக் என்றால் கோர் அத்தனையும் போய்விட்டது, மிக்ஸ் என்றால் சில கோர் போய்விட்டது, சில காலி. ட்ரெய்ன் என்று இருந்தால் அந்த நோடு புது ஜாப் எதையும் எடுக்காது. இந்த நிலைமைச் சொல்லின் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் நோடு பதிலே சொல்லவில்லை, அட்மினைக் கூப்பிடுங்கள். ஃபார்மட் ஆப்ஷனில் சதவீதக் குறியும் பெரிய ‘சி’ எழுத்தும் கொடுத்தால் நான்கு எண்கள் வரும்: ஒதுக்கியது, காலி, மற்றவை, மொத்தம்.

இந்த இடத்தில்தான் நானே ஒரு தடவை ஏமாந்தேன். சேலத்தில் ஒரு கல்லூரியில் நான்கு நோடு கொண்ட சின்ன கிளஸ்டரைப் பார்த்துக்கொள்கிறேன்; நோடுக்கு 32 கோர், 128 ஜிபி மெமரி. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வந்து, “அண்ணா, 31 கோர் காலின்னு காட்டுது, நான் 16தான் கேட்டேன், ஏன் போகமாட்டேங்குது?” என்றார். பார்த்தேன், 97/31/0/128 என்றுதான் இருந்தது. அவர் சொன்னது சரி.

எஸ்-கண்ட்ரோல் ஷோ நோட் போட்டு அந்த 31 கோர் காலியாக இருந்த மிக்ஸ் நோடை விரித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அலாக்-மெம் வரியில் நோடின் மெமரி முழுவதும் ஒதுக்கப்பட்டிருந்தது. ஃப்ரீ-மெம் வரியிலோ 100 ஜிபிக்கு மேல் சும்மா கிடந்தது. ஒரே ஒரு கோர் கேட்ட ஜாப், மெமரி அத்தனைக்கும் துண்டு போட்டிருந்தது. அந்த ஜாப்பைப் போட்டவரைத் திட்டலாம் என்று போனால், அவர் மெமரி என்று எதுவுமே கேட்கவில்லை! மெமரியையும் கணக்கில் எடுக்கும் அமைப்பில் இயல்பளவு எதுவும் வைக்காவிட்டால், கேட்காதவருக்கு நோடின் மொத்த மெமரியையும் ஸ்லர்ம் தூக்கிக் கொடுத்துவிடும். அந்த இயல்பளவை வைக்காமல் விட்ட புண்ணியவான் நான்தான். ஒரு கோருக்கு 4 ஜிபி என்று டெஃப்-மெம்-பெர்-சிபியு வரியைச் சேர்த்த பிறகு அந்தத் தொல்லை விட்டது.

அதே வெளியீட்டில் சிபியு-லோடு வரியையும் பாருங்கள். 32 கோர் ஒதுக்கி லோடு 1 என்றால் யாரோ மொத்தத்தையும் பிடித்துவைத்து ஒரே கோரில் ஓட்டுகிறார். லோடு 90 என்றால் த்ரெட்டுகள் (புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) அளவுக்கு மீறி இருக்கலாம், அல்லது அவை டிஸ்க்குக்குக் காத்திருக்கலாம். லினக்ஸ் லோடு கணக்கில் அப்படிக் காத்திருப்பவையும் சேரும்.

அப்புறம் வரிசையைக் காட்டும் எஸ்-கியூ (squeue) கட்டளை. உங்கள் ஜாப் வரியின் கடைசியில் காரணம் இருக்கும். ரிசோர்சஸ் என்றால் இடமில்லை, ப்ரயாரிட்டி என்றால் முன்னால் ஆள் இருக்கிறார், கியூ-ஓ-எஸ் என்று தொடங்கினால் பெரும்பாலும் உங்களுக்கோ உங்கள் குழுவுக்கோ வைத்த வரம்பு முடிந்தது. ஸ்டார்ட் ஆப்ஷன் கொடுத்தால் உத்தேச நேரம் சொல்லும். மற்றவர்கள் கேட்ட நேர வரம்பை வைத்துப் போடும் கணக்கு அது, அதனால் அவர்கள் சீக்கிரம் முடித்தால் நீங்களும் சீக்கிரம் போகலாம்.

நேரத்தைக் குறைத்துக் கேளுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். கோரிமேட்டில் ஏறப்போகிற குடும்பத்துக்குப் போட்ட சீட்டில், அதற்கு முன்னாலேயே வரும் அஸ்தம்பட்டியில் இறங்குகிறவர் தாராளமாக உட்கார்ந்து போகலாம். ஸ்லர்மில் இதற்குப் பேக்ஃபில் என்று பெயர். மூன்று மணி நேர வேலைக்கு ஏழு நாள் கேட்டால் அந்தச் சந்தில் நுழைய முடியாது. ஆனால் ரொம்பவும் இறுக்கிவிடாதீர்கள், வரம்பு தாண்டினால் பாதியிலேயே இறக்கிவிடும். ஒரு ஜாப் முடிந்ததும் எஸ்-எஃப் (seff) கட்டளை உங்கள் கிளஸ்டரில் இருந்தால் அதில் ஜாப் எண்ணைக் கொடுங்கள். உண்மையில் எவ்வளவு மெமரி, எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும். அடுத்த முறை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் போதும்.