ஆப்பிரிக்க வரலாறும் மின்னாவணங்களும்: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி நூலகர்): மாலி நாட்டின் பழம்பெரும் கல்வி நகரான டிம்பக்டுவின் கையெழுத்துச் சுவடிகள் 2013-இல் எரிக்கப்பட்டன என்று படித்தேன், ஐயா. அப்படியானால் இன்று இணையத்தில் காணக் கிடைப்பவை எவை?

பதில்: எரிந்தது ஒரு பகுதிதான். 2012-இல் மாலியின் வடபகுதி ஆயுதக் குழுக்களின் வசமானதும், அப்துல் காதர் ஹைதரா என்ற நூலகரும், சுவடிகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த குடும்பத்தினரும் அவற்றைப் பெட்டிகளில் பூட்டி, வண்டியிலும் நைஜர் ஆற்றுப் படகிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைநகர் பமாகோவுக்குக் கொண்டுசேர்த்தார்கள். பின்வாங்கிய குழுவினர் 2013 ஜனவரியில் டிம்பக்டுவிலுள்ள அகமது பாபா சுவடி ஆய்வு நிறுவனத்தில் அழித்தவை ஏறத்தாழ 4,000 என மதிப்பிடப்பட்டது. தப்பியவை அதைப்போலப் பல மடங்கு. மினசோட்டாவிலுள்ள ஹில் அருங்காட்சியகச் சுவடி நூலகத்தின் துணையோடு அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் ஏற்றிவருகிறார்கள்.

இது வெறும் கேமரா வேலை அன்று. பல சுவடிகள் தைக்கப்படாத தனித்தாள்களாகத் தோலுறைக்குள் கிடப்பவை. தாள் கலைந்துவிட்டால், ஒரு பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை எழுதிவைக்கும் பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் வரிசைப்படுத்த முடியும். சிலவற்றில், வாங்கியவர் கொடுத்த விலையும் குறிக்கப்பட்டிருக்கும்; புத்தகம் அங்கே எவ்வளவு மதிப்புள்ள பண்டமாக இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. படம் எடுத்த பிறகு மூலம் எதற்கு என்று கேட்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் இத்தாலிய ஆலையின் நீர்க்குறி, சாதாரணப் படத்தில் விழாது.

கேள்வி (வரலாற்று மாணவி): காலனி அரசின் ஆவணங்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன?

பதில்: ஒரு முக்கியப் பகுதி ஆண்ட நாடுகளிடமே இருக்கிறது, அம்மா. நாடுகள் விடுதலை பெறும் தறுவாயில் பிரிட்டன் பல ஆயிரம் கோப்புகளைத் தன் நாட்டுக்கு எடுத்துச்சென்று, ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் வெளியார் கண்ணில் படாமல் வைத்திருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக 1950-களில் கென்யாவில் எழுந்த மௌ மௌ கிளர்ச்சிக் காலத்தில் சித்திரவதைக்கு ஆளான கென்ய முதியவர்கள் தொடுத்த வழக்கினால்தான் 2011-இல் அது வெளிப்பட்டது. 2013-இல் 5,228 பேருக்கு இழப்பீடு தரவும் பிரிட்டன் இசைந்தது. அக்கோப்புகள் இன்று லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இலங்கைக் கோப்புகளும் அவற்றில் அடக்கம் என்பதால், இது நமக்கும் தூரத்துச் செய்தியன்று. மின்படியை இணையத்தில் ஏற்றிவிட்டால் கடன் தீர்ந்தது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. மூலக் கோப்பு நைரோபிக்குத் திரும்ப வேண்டும்.

கேள்வி (வழக்கறிஞர்): சமூக ஊடகக் காணொளி நீதிமன்றத்தில் நிற்குமா?

பதில்: பிடியாணை பிறப்பிக்கும் அளவுக்கு நின்றிருக்கிறது. லிபியாவின் பெங்காசிப் பகுதியில் கைதிகளைச் சுட்டுக்கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட மஹ்மூத் அல்-வெர்ஃபல்லிமீது, சமூக ஊடகங்களில் பரவிய காணொளிகளைப் பெரிதும் சார்ந்து, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் பிடியாணை பிறப்பித்தது. விசாரணைக்கு முன்பே, 2021-இல் அவர் கொல்லப்பட்டார். இதில் ஒரு பெரும் சிக்கல் உண்டு: கொடுமையைக் காட்டுகிறது என்பதாலேயே சமூக ஊடக நிறுவனங்கள் இத்தகைய காணொளிகளை நீக்கிவிடுகின்றன. ஆகவே கண்டவுடன் தரவிறக்கி, முகவரியையும் நேரத்தையும் குறித்து, கோப்பின் ஹாஷ் எண்ணையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் அடையாளக் குறி) பதிந்துவைக்க வேண்டும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால், பின்னாளில் யாரும் திருத்தவில்லை என்று காட்ட அது உதவும்.

கேள்வி (இதழாளர்): நைஜீரியாவில் சார்ஸ் (SARS) என்ற காவல் பிரிவின் வன்முறைக்கு எதிராக நடந்த எண்ட்சார்ஸ் போராட்டத்தின் பதிவுகளையும் இப்படிச் சேகரிக்கலாமா?

பதில்: கட்டாயம் சேகரிக்க வேண்டும். 2020 அக்டோபர் 20 இரவு லாகோஸ் நகரின் லெக்கி சுங்கச்சாவடியில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது இன்ஸ்டாகிராம் நேரலை வழியாகவே உலகம் அதைப் பார்த்தது. அடுத்த ஆண்டு ஜூனிலிருந்து 2022 ஜனவரி வரை அந்நாட்டு அரசு ட்விட்டரையே முடக்கி வைத்தது. ஆனால் பதிவிட்ட இளைஞர்களின் முகமும் பெயரும் இன்றும் அவர்களுக்கு ஆபத்தாகலாம். பொதுப் பார்வைக்கு வைக்கும் படியில் அவற்றை மறைத்து, முழுப் படியைப் பூட்டி வையுங்கள். திறப்பது எப்போது என்பதை, முடிந்தவரை பதிவிட்டவரிடமே கேளுங்கள்.