புதிய கடல்நீர்த் தொட்டியில் நெரிசலும் வெண்புள்ளி நோயும்: மருந்தை எங்கே ஊற்றுவது?

உங்கள் கேள்வியின் சாரம் இது: 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, அமைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கோமாளி மீன்கள், டாம்செல்கள், ஒரு நீல டேங் என ஒன்பது மீன்களை விட்டிருந்தீர்கள். அவற்றுள் இரண்டு இறந்துவிட்டன. மிஞ்சியவற்றின் உடலிலும் துடுப்பிலும் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. உயிர்ப்பாறை (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறைத் துண்டுகள்), நத்தைகள், இறால் எல்லாம் இருக்கும் அதே தொட்டியில் காப்பர் மருந்தை ஊற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

ஊற்ற வேண்டாம். காப்பர் நல்ல மருந்துதான். ஆனால் அது முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு நஞ்சு என்பதால் இறாலும் நத்தைகளும் முதலில் சாகும். அதைவிடப் பெரிய சிக்கல், சுண்ணாம்பால் ஆன பாறையும் மணலும் காப்பரைத் தங்களுக்குள் இழுத்துக்கொள்வது. நீங்கள் ஊற்றிய அளவு சில மணி நேரத்திலேயே நீரில் குறைந்து, ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவுக்குக் கீழே போய்விடும். குறைந்ததென்று மேலும் மேலும் சேர்த்தால் எந்த நேரத்தில் நீரில் எவ்வளவு இருக்கிறது என்பதே உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. சிகிச்சை பெற வேண்டியவை மீன்கள். தொட்டிக்குத் தேவைப்படுவது மீன் இல்லாத காலம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் மற்ற முடிவுகள் எளிதாகும்.

நெரிசல் ஏன் இந்த அளவுக்குக் கேடு செய்கிறது என்பது ஒட்டுண்ணியின் வாழ்க்கையைப் பார்த்தால் விளங்கும். கடல்நீர் வெண்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒருசெல் உயிரி. அது மீனின் தோலுக்கும் செவுளுக்கும் உள்ளே புகுந்து 3 முதல் 7 நாள் வரை தின்று வளரும். நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி அதுதான். வளர்ந்தபின் மீனை விட்டு இறங்கி, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டி ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓட்டுக்குள் அது பல பிரிவுகளாகப் பிரிந்து, ஒரே ஓட்டிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட குஞ்சுகள்கூட வெளிவரலாம். வெளிவந்த ஒவ்வொன்றும் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைக் கண்டுபிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். பரந்த கடலில் பெரும்பாலானவை அப்படித்தான் சாகின்றன. 200 லிட்டரில் ஒன்பது மீன்கள் இருந்தால் ஏறக்குறைய எதுவுமே வழி தவறுவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை பன்மடங்காகிறது.

இந்த வாழ்க்கைச் சுற்றில் ஓர் ஏமாற்று இருக்கிறது. புள்ளிகள் சில நாளில் தாமாகவே மறையும். ஒட்டுண்ணி இறங்கிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பும். பூண்டுச் சாறு குணப்படுத்தியது, தூய்மை செய்யும் இறால் குணப்படுத்தியது என்று பலரும் உறுதியாக நம்புவது இந்த இடைவெளியைப் பார்த்துத்தான். தோலுக்கடியில் இருக்கும் ஒட்டுண்ணியை இறாலால் எடுத்து உண்ண முடியாது. புற ஊதா விளக்கு நீரில் நீந்துபவற்றுள் சிலவற்றைக் கொல்லும், சுமையைக் குறைக்கும், நோயை ஒழிக்காது. நன்னீர்த் தொட்டியில் வரும் வெண்புள்ளி நோய்க்குக் காரணம் வேறோர் உயிரி. அதற்குச் சொல்லப்படும் வெப்பத்தை உயர்த்தும் உபாயத்தை இங்கே செய்தால், ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் மீனுக்கு ஆக்சிஜன் இன்னும் குறையும்.

இன்றே செய்ய வேண்டியது அம்மோனியாச் சோதனை. இரண்டு மாதம் ஆகாத தொட்டியில், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் இன்னும் முழுமையாகப் பெருகியிருக்காது. ஒன்பது மீனின் கழிவை அவை தாங்கியிருக்குமா என்பது ஐயமே. கடல்நீரின் காரத்தன்மை (pH) 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், அதே அளவு அம்மோனியாவில் நன்னீரைவிட இங்கே கூடுதலான பங்கு நச்சு வடிவில் இருக்கும். அது செவுளை அரிக்கிறது, அரிக்கப்பட்ட செவுளில் ஒட்டுண்ணியும் குடியேறுகிறது. இறந்த இரண்டு மீன்களும் நோயால் மட்டும் இறந்தன என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அளவிடக்கூடிய அம்மோனியா எவ்வளவு இருந்தாலும், ஒரே வெப்பமும் ஒரே உப்புத்தன்மையும் கொண்ட புதிய நீரால் பாதியை மாற்றுங்கள். நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி பம்பைத் திருப்பி வையுங்கள். 25 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்போது கடல்நீர் 7 மில்லிகிராமுக்கும் குறைவாகவே தாங்குகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்து, நோய் எதுவென்று தெளியுங்கள். உப்புக் கல் அளவில் எண்ணக்கூடிய தனித்தனிப் புள்ளிகள் என்றால் பெரும்பாலும் கிரிப்டோகேரியான். எண்ண முடியாத மிக நுண்ணிய பொன்னிறத் தூசி படிந்தது போலிருந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கி, வெளிச்சத்தை ஒதுக்கி, பம்பின் நீரோட்டத்துக்கு எதிரே முகம் கொடுத்து நின்றால் அது வெல்வெட் நோய். காரணம் அமிலூடினியம் என்ற இன்னோர் ஒட்டுண்ணி. அது முதலில் செவுளைத் தாக்குவதால் உடலில் எதுவும் தெரியும் முன்பே மீன் இறக்கலாம். வாரக்கணக்கில் காத்திருக்க அவகாசம் தராது. கோமாளி மீனின் உடலிலிருந்து கொழகொழப்பான வெண்ணிறச் சளி உரிந்து தொங்கினால் அது புரூக்ளினெல்லா என்ற வேறோர் ஒட்டுண்ணி. அதற்குக் காப்பர் உதவாது, ஃபார்மலின்தான் மருந்து. உங்கள் விவரத்தில் புள்ளிகள் இருக்கின்றன, ஆனால் மூச்சு எப்படி என்று சொல்லவில்லை. அதைப் பொறுத்தே அவசரம் அமைகிறது.

சிகிச்சைக்கு மணலோ பாறையோ இல்லாத வெறுந்தொட்டிகள் தேவை. மிஞ்சிய ஏழு மீன்களையும் ஒரே சிறிய தொட்டியில் அடைத்தால் நெரிசலை இடம் மாற்றியது மட்டுமே மிச்சம். குறைந்தது இரண்டு தொட்டிகளாகப் பிரியுங்கள், டேங்கும் டாம்செல்லும் ஒன்றாக இருக்க வேண்டாம். உணவுத் தரப் பிளாஸ்டிக் பெட்டிகளே போதும். சூடாக்கி, காற்றுக் குழாய், ஸ்பாஞ்ச் ஃபில்டர், மறைந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள், துள்ளி வெளியே விழாமலிருக்க ஒரு மூடி ஆகியவற்றோடு வேலை முடியும்.

மூச்சு சீராக இருந்து, புள்ளி நோய் என்பதும் உறுதியானால் நான் பரிந்துரைப்பது தொட்டி மாற்றும் முறை. 72 மணி நேரத்துக்கு மிகாமல், ஒவ்வொரு முறையும் புதிய நீரும் உலர்ந்த உபகரணமும் உள்ள வேறு பெட்டிக்கு மீன்களை மாற்ற வேண்டும். இப்படி நான்கு முறை, மொத்தம் 12 நாள். இறங்கிய ஒட்டுண்ணி ஓடு உடைத்து வெளிவரும் முன்பே மீன் இடம் மாறிவிடுவதால், மருந்தே இல்லாமல் சுற்று அறுகிறது. பழைய பெட்டியைக் கழுவி முழுமையாக உலர்த்த வேண்டும். ஈரமான வலை ஒன்றே எல்லா உழைப்பையும் வீணாக்கும். நோயுள்ள தொட்டியிலிருந்து எடுத்த ஸ்பாஞ்சையும் இதில் பயன்படுத்தக் கூடாது, அதில் ஓடுகள் ஒட்டியிருக்கும்.

வெல்வெட் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் இந்த முறையை நம்பாமல், வெறுந்தொட்டியில் காப்பர் கொடுங்கள். அயனி வடிவக் காப்பர் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், வேறு வேதிப்பொருளோடு பிணைக்கப்பட்ட வகை (chelated) என்றால் அளவு பத்து மடங்குக்கும் மேல் வேறுபடும், ஆகவே புட்டியில் உள்ள குறிப்பையும் அந்த வகையை அளக்கக்கூடிய சோதனைக் கருவியையும் மட்டுமே பின்பற்றுங்கள். ஓரிரு நாளில் படிப்படியாக உயர்த்தி, 30 நாள் அளவு குறையாமல் வைத்திருங்கள்; ஒருநாள் குறைந்தாலும் நாள்களை முதலிலிருந்து எண்ண வேண்டும். அம்மோனியாவைக் கட்டும் திரவங்களைக் காப்பருடன் சேர்க்காதீர்கள். அவற்றுள் பல காப்பரை இன்னும் நச்சான வடிவத்துக்கு மாற்றிவிடும். இந்நாள்களில் அம்மோனியா ஏறினால் நீரை மாற்றி, மாற்றிய நீருக்கு உரிய காப்பரை ஈடுசெய்வதே வழி. கரித்துண்டு வடிகட்டியையும் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சும்.

உப்பைக் குறைக்கும் முறையும் உண்டு: நீரின் உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தியை 1.009 ஆக்கி மூன்று நான்கு வாரம் வைத்தல். வெல்வெட் நோயை இது தொடுவதில்லை, அளவீடு சற்றே பிசகினாலும் பயனற்றுப் போகும். உப்புத்தன்மையை அளக்கும் துல்லியமான ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாத ஒருவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

இதற்கிடையே பெரிய தொட்டி ஒரு மீன்கூட இல்லாமல் 76 நாள் இருக்கட்டும். அரிதாகச் சில ஓடுகள் 72 நாள் வரை தாக்குப்பிடித்துக் குஞ்சு விட்டிருப்பதால்தான் இந்த நீண்ட கணக்கு. இறாலும் நத்தையும் அங்கேயே வாழலாம், ஒட்டுண்ணி அவற்றில் உணவு கொள்வதில்லை. அவற்றுக்கும் நுண்ணுயிர்களுக்குமாகச் சிறிதளவு உணவு போட்டு வாருங்கள். நீங்கள் நிதானமாக நடத்தியிருந்தால் எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய முதிர்ச்சிக் காலம் இப்போது தொட்டிக்குக் கிடைக்கிறது. இந்த 76 நாளில் இரு தொட்டிக்கும் பொதுவாக வலை, வாளி, ஈரக் கை எதுவும் வேண்டாம். நீர்த்துளி தெறிக்காத தூரத்தில் சிகிச்சைப் பெட்டிகளை வையுங்கள்.

கடைசியாக மீன் எண்ணிக்கை. நீல டேங் 25 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடிய, நாளெல்லாம் நீந்தித் திரியும் மீன். 200 லிட்டர் அதற்கு எந்த வயதிலும் போதாது, மேலும் வெண்புள்ளி நோய் எளிதில் பற்றும் இனங்களுள் அதுவும் ஒன்று. குணமானபின் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் அதைக் கொடுங்கள். நோயோடு கொடுத்தால் அவரும் தம் மீன்களை இழப்பார். டாம்செல்களையும் கொடுத்துவிட்டு, இணை சேர்ந்த இரண்டு கோமாளிகளை 76 நாளுக்குப் பிறகு திரும்ப விடுங்கள். அதற்குப் பின் வரும் ஒவ்வொரு சிறு மீனும், எவ்வளவு ஆரோக்கியமாகத் தோன்றினாலும், முதலில் வெறுந்தொட்டியில் ஒரு மாதம் தனியே இருக்க வேண்டும். இறால், பவளம், பாறை என்றால் மீனில்லாத இடத்தில் அதே 76 நாள். அவற்றின் மேல் ஒட்டிவரும் ஒட்டுண்ணி ஓடு ஒன்றே போதும், நோய் மீண்டும் தொடங்குவதற்கு. இன்று மாலை மீன்களின் மூச்சையும் அம்மோனியா அளவையும் பார்த்து இதன்கீழ் எழுதுங்கள், எந்தச் சிகிச்சை என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம்.