சோறு, தூக்கம், உட்கார ஒரு ஸ்டூல்

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒரு வேடிக்கை. மும்பைப் பக்கம் டோம்பிவிலியிலிருந்து தாராவி வரை, ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஐந்து பேர், சுற்றி வளைத்து ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: மனுஷனுக்கு அடிப்படையாக என்னதான் வேண்டும்? பெரிய தத்துவ விசாரம் போல ஆரம்பித்தாலும் உள்ளே போனால் எல்லாம் தூக்கம், தண்ணீர், கழிப்பறை, பேச்சுத் துணை என்றுதான் இருக்கிறது. அதனால் சினிமா, அரசியல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம்.

எனக்கு 38 வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். சொந்த ஃபிளாட், இரண்டு ஏசி, போன வருடம் வாங்கிய கார் என்று ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று இல்லாத மாதிரியே இருக்கிறது. இது பேராசையா சார்? தியான வகுப்பில் சேரலாமா?
– வாசகி, டோம்பிவிலி

தியானம் இருக்கட்டும் தங்கச்சி. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: காலை 4.45-க்கு எழுந்தால்தான் சமையலை முடித்து லோக்கல் ரயிலைப் பிடிக்க முடியும், ராத்திரி படுக்கும்போது பதினொன்றரை ஆகிவிடும் என்று. ஐந்தேகால் மணி நேரம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். அப்படியானால் தினமும் ஒன்றேமுக்கால் மணி நேரம் பாக்கி, ஐந்து வேலை நாளுக்கு எட்டேமுக்கால் மணி நேரம். வாரத்துக்கு ஒரு முழு ராத்திரியைத் தொலைத்துவிட்டு, ஏதோ ஒன்று இல்லை என்கிறீர்கள். வேறென்ன வேண்டும், முதலில் அதுதான் இல்லை.

ஆபீஸ் ட்ரெயினிங்கில் ஒரு முக்கோணப் படம் காட்டியிருப்பார்கள். ஆபிரகாம் மாஸ்லோ என்ற அமெரிக்க உளவியல்காரர் 1943-ல் சொன்னது: அடியில் சோறு, தண்ணீர், தூக்கம், அதன்மேல் பாதுகாப்பு, அப்புறம் அன்பு, அப்புறம் மதிப்பு, உச்சியில் தனக்குள் இருக்கும் திறமை முழுசாக வெளிப்படுவது. அந்த முக்கோணத்தை அவர் வரையவில்லை, பின்னால் வந்த மேனேஜ்மென்ட் ஆட்கள் வரைந்தது. படத்தைப் பார்த்துப் பார்த்து, கீழ்ப்படியை நூற்றுக்கு நூறு முடித்தால்தான் மேல்படி என்று நினைக்கப் பழகிவிட்டோம். அவரோ, பெரும்பாலானவர்களுக்கு எல்லாப் படியும் ஒரே சமயத்தில் அரைகுறையாகத்தான் நிறைந்திருக்கும் என்றார். உங்கள் வீட்டில் நடந்திருப்பது வேறு. மேல்படிக்குத் தவணை கட்டுவதற்காகக் கீழ்ப்படியை அடகு வைத்திருக்கிறீர்கள்.

எனக்கென்னவோ சிலி நாட்டுப் பொருளாதாரக்காரர் மாக்ஸ்-நீஃப் சொன்னதுதான் இன்னும் கைக்கு அடக்கமாகத் தெரிகிறது. மனிதத் தேவை மொத்தமே ஒன்பது என்றார் அவர்: பிழைப்பு, பாதுகாப்பு, அன்பு, புரிதல், பங்கேற்பு, ஓய்வு, படைப்பு, அடையாளம், சுதந்திரம். இந்த ஒன்பதும் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் மாறுவதில்லை, அதைத் தீர்த்துக்கொள்கிற வழிதான் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறுகிறது. சும்மா இருப்பதையும் தேவைக் கணக்கில் சேர்த்த பொருளாதாரக்காரர் என்பதாலேயே எனக்கு அவர்மேல் ஒரு தனி மரியாதை. சில வழிகள் தேவையைத் தீர்த்துவிட்டதுபோல் பாசாங்கு மட்டும் காட்டும் என்றும் சொல்லியிருக்கிறார், அதில் அந்தஸ்துக்காக வாங்கும் பொருளும் உண்டு. உங்கள் கார் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு வெளியே வருகிறது, மற்ற நாளெல்லாம் பில்டிங் காம்பவுண்டில் கவர் போட்டுத் தூங்குகிறது. வீட்டிலேயே நிம்மதியாகத் தூங்குவது அது ஒன்றுதான்.

காரை விற்கச் சொல்லவில்லை, வேலையை விடவும் சொல்லவில்லை. அந்தப் பதினொன்றரையை மட்டும் கொஞ்சம் பார்ப்போம். பாத்திரம், மறுநாள் காய்கறி, இரண்டு யூனிஃபார்ம் இஸ்திரி. நேரம் போதாமல் ரயிலில் லேடீஸ் பெட்டியில் நின்றுகொண்டே பட்டாணி உரிக்கிறீர்களாம். ஆறு பக்கக் கடிதத்தில் உங்கள் கணவர் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார், அதுவும் நியூஸ் பார்த்துக்கொண்டு. நியூஸைக் காதால் கேட்கலாம், கைக்கு ஒரு வேலையும் இல்லை. நாளைக்கே அந்தப் பட்டாணிப் பையை அவர் மடியில் வையுங்கள். இஸ்திரிக்கு வெளியே கொடுங்கள், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று ஆபீஸில் எழுதிக் கேளுங்கள். ஒரு மாதம் பத்து மணிக்குப் படுத்துப் பாருங்கள். அதற்கப்புறமும் ஏதோ இல்லாத மாதிரி இருந்தால் திரும்ப எழுதுங்கள், தியானத்தைப் பற்றிப் பேசலாம்.

தாதரில் ஒரு துணிக்கடையில் வேலை. காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டும். பெண்களுக்குக் கடையில் கழிப்பறை கிடையாது. அதனால் வேலைக்கு வந்துவிட்டால் தண்ணீரே குடிப்பதில்லை. அடிக்கடி எரிச்சல், சில நேரம் காய்ச்சலும் வருகிறது. இதையெல்லாம் பத்திரிகையில் கேட்கலாமா என்று தெரியவில்லை.
– பெயர் வேண்டாம், சயான் கோலிவாடா

இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது அம்மா? என் அக்கா முப்பது வருடத்துக்கு முன்னால் ஃபோர்ட் பக்கம் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். காலையில் ஒரு டம்ளர் காபி, அதோடு சரி, ராத்திரி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பாத்ரூம், அப்புறம் சொம்போடு தண்ணீர். "ஒட்டகம் வந்தாச்சு" என்று நாங்கள் கேலி செய்வோம். ஒருநாள் குளிர்ஜுரத்தில் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான், தொற்று சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது, அந்த ஆபீஸில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறையே இல்லை என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது. அந்தக் கேலியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசும்.

உடம்புக்குள் நடப்பது சிக்கலானதில்லை. தண்ணீர் உள்ளே போனால்தான் சிறுநீர் அடிக்கடி வெளியேறி, கூடவே கிருமியையும் கழுவிக்கொண்டு போகும். குடிக்காமலும் போகாமலும் அடக்கி வைத்தால் அது பையிலேயே தேங்கி, கிருமி பெருக வசதியாகிவிடுகிறது. எரிச்சலோடு காய்ச்சலும் இடுப்புக்கு மேலே முதுகு வலியும் வந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சயான் ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான், போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெடிக்கலில் நீங்களாக மாத்திரை கேட்டு வாங்கி, இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்துகிற வழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடுங்கள்.

இது உங்கள் ஒருவர் பிரச்சினை இல்லை என்பதற்கு மும்பையே சாட்சி. 2011-ல் இங்கே பெண்கள் அமைப்புகள் சேர்ந்து 'ரைட் டு பீ', அதாவது சிறுநீர் கழிக்கும் உரிமை, என்று ஒரு இயக்கமே நடத்தின. ஆண்கள் காசு கொடுக்காமல் போகிற பொதுக் கழிப்பிடத்தில் பெண்களிடம் மட்டும் ஏன் காசு, பெண்களுக்கு ஏன் இவ்வளவு குறைவான இடம் என்பதுதான் கேள்வி. அந்தப் பெயரைச் சொல்லவே அப்போது பலருக்குக் கூச்சம், ஆனால் பெயர் அப்படி இருந்ததால்தான் விஷயம் பேப்பரில் வந்தது.

நிற்பதும் அப்படித்தான். துணிக்கடையில் விற்கிறவர் உட்காரக்கூடாது என்பது நம் ஊர்களில் எழுதாத விதியாகவே இருந்தது. கேரளத்தில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் கடைச் சட்டத்தைத் திருத்தி, வேலையாட்களுக்கு உட்கார வசதி தரவேண்டும் என்று எழுதினார்கள். ஒரு ஸ்டூலுக்குச் சட்டசபை கூட வேண்டியிருந்தது! மகாராஷ்டிராவின் 2017 கடைச் சட்டத்தில் கழிப்பறையும் குடிநீரும் முதலாளி தரவேண்டியவை என்று இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் எல்லாக் கடைக்கும் பொருந்தாது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் முதலில் தலையை எண்ணுங்கள். அப்புறம் முதலாளியிடம் தனியாகப் போய் நிற்காதீர்கள், கூட வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் சேர்ந்து போங்கள். இடமில்லை என்பார். அந்த வரிசையில் இருக்கும் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து பொதுவாக ஒன்றுக்கு வாடகை கொடுத்தால் ஆளுக்கு எவ்வளவு வரும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வியாபாரியிடம் கணக்காகப் பேசினால் காது கொடுப்பார்.

மொபைல் போன் அடிப்படைத் தேவையா, ஆடம்பரமா? அப்பா ஆடம்பரம் என்கிறார்.
– கல்லூரி மாணவர், ஆன்டாப் ஹில்

தேவைதான் தம்பி. மாணவியர் விடுதியில் போனுக்குத் தடை போட்ட வழக்கில், இணையம் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019-லேயே கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பாவிடம் தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது எழுபதாயிரம் ரூபாய் போன். எந்த மாடல் என்று நீதிமன்றம் சொல்லவில்லை.

வயது 71. மனைவி காலமாகி மூன்று வருடம் ஆகிறது. மகன் அமெரிக்காவிலிருந்தே மளிகை, மருந்து, சாப்பாடு எல்லாவற்றையும் ஆர்டர் போட்டுவிடுகிறான், வாசலுக்கு வந்துவிடுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான்கு நாளாக யாரிடமும் வாய்விட்டுப் பேசவில்லை என்பது இன்று காலைதான் உறைத்தது.
– வாசகர், செம்பூர்

ஐயா, உங்கள் மகன் நல்ல பிள்ளை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் உங்கள் வீட்டுக்குச் சாமான் வரவழைத்த வேகத்தில், நீங்கள் வெளியே போக வேண்டிய காரணங்களை எல்லாம் ஒவ்வொன்றாக ரத்து செய்துவிட்டார். முன்பு ரேஷன் வரிசை, பால் பூத், டெலிபோன் பில் கட்டும் க்யூ என்று அலுத்துக்கொள்வோம், ஆனால் அந்த அலுப்பையே பக்கத்தில் நிற்பவரிடம் பேசித் தீர்த்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவோம். தனிமை உடம்பையும் கெடுக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அதற்காகவே ஒரு ஆணையம் வைத்தது, அவ்வளவு பெரிய விஷயமாகியிருக்கிறது இது.

மருந்தை மட்டும் அப்படியே வரட்டும். காய்கறி ஆர்டரை நிறுத்தச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு நாள், கூட்டம் குறைந்த பதினோரு மணிக்குமேல், ஹார்பர் லைனில் குர்லா வந்து, அங்கே மாறி மாட்டுங்கா இறங்குங்கள். முழங்கால் மக்கர் செய்தால் ஆட்டோவில் சயான் வரை வந்து, அதற்கு இந்தப் பக்கம் ஆட்டோ வராது என்பதால் ஒரு டாக்ஸி. மார்க்கெட்டில் பிஞ்சு முருங்கையாக நாலு, ஒரு கட்டுக் கறிவேப்பிலை, இரண்டு வாழை இலை. பூக்காரம்மாவிடம் முழம் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று தமிழிலேயே சண்டை போடலாம், பதிலும் தமிழில்தான் வரும், கொஞ்சம் காரமாகவே வரும். அப்புறம் கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்துப் பெஞ்சில் ஒரு அரை மணி நேரம். இல்லை, அவ்வளவு தூரம் முடியாது என்றால் உங்கள் செம்பூரிலேயே செட்டா நகர் முருகன் கோயில் இருக்கிறது. படியேற முடியாவிட்டால் கீழேயே உட்காருங்கள். அங்கே ஏறமுடியாதவர் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்க மாட்டீர்கள், பேச்சு அதிலேயே ஆரம்பித்துவிடும்.

அண்ணாச்சி, பத்துக்குப் பத்து ரூம், நாங்க ஆறு பேர். மகள் பத்தாம் வகுப்பு. ராத்திரி டிவியை நிறுத்தினால் மாமியாருக்குக் கோபம், நிறுத்தாவிட்டால் மகள் அழுகை. படிக்கத் தனியா ஒரு மூலை கேட்பது எங்களை மாதிரி ஆட்களுக்கு ஆடம்பரமா?
– வாசகி, தாராவி

ஆடம்பரம் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதைச் சொன்னவர்கள் ஆளுக்கொரு அறை உள்ள வீட்டில் இருப்பவர்கள்தான், ஆனாலும் சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான். தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி என்று அறிவித்திருக்கிறார்கள். தகுதி யாருக்கு என்ற சண்டை ஒருபக்கம் இருக்கட்டும், மார்ச் மாதப் பரீட்சை அதுவரைக்கும் காத்திருக்காது.

இந்த ஊரில் இடமில்லாத பிள்ளைகள் எப்போதும் வெளியே போய்த்தான் படித்திருக்கிறார்கள். வர்லியில் 'அப்யாஸ் கல்லி', அதாவது படிப்புச் சந்து, என்றே ஒரு சந்துக்குப் பெயர், பக்கத்துச் சால்களில் (ஒற்றை அறைக் குடியிருப்புகளில்) இருந்த பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவிளக்கில் படித்துப் படித்து வந்த பெயர். அங்கே வரை மகளை ராத்திரி அனுப்பச் சொல்ல மாட்டேன். 'அப்யாசிகா' என்று போர்டு மாட்டிய படிப்பறைகள் பல வார்டுகளில் உண்டு, உங்கள் பக்கம் எங்கே இருக்கிறது, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று அவள் பள்ளிக்கூட டீச்சரிடம் கேளுங்கள்.

மாமியாரை மட்டும் வில்லியாக்க வேண்டாம். பகல் முழுக்க அந்தப் பத்துக்குப் பத்தில் ஒரு ஓரமாக ஒடுங்கி இருக்கிறவருக்கு அந்த இரண்டு மணி நேர சீரியல்தான் ஓய்வு, அதுதான் துணை. மேலே டோம்பிவிலித் தங்கச்சிக்குச் சொன்ன ஒன்பதில் அவருக்கும் பங்கு உண்டு. ஏழிலிருந்து ஒன்பது வரை பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பார்க்கட்டும், இரண்டு கிழவிகள் சேர்ந்து திட்டிக்கொண்டே பார்த்தால் சீரியல் இன்னும் ருசிக்கும். நீங்கள் ஏதாவது பலகாரம் செய்தால் ஒரு தட்டு அந்த வீட்டுக்கும் போகட்டும், மூன்று மாதம் ஓட்டிவிடலாம். ஒன்று மட்டும் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள், அந்த வீட்டு அம்மா ஏழு மணிக்கு எந்தச் சேனல் பார்க்கிறார் என்று. சேனல் வேறாக இருந்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.