பென்சில்வேனியாவின் வேல்ஸ்காரர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள ஸ்க்ரான்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது வாஷ்பர்ன் தெருக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தேன். பழைய கற்கள் சிலவற்றில் வேல்ஷ் மொழி. 1869 சுரங்க விபத்தில் இறந்தவர்கள் என்றார்கள். பஞ்சம் பிழைக்க வந்த கூலிகளா இவர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஊரில் வறுமை இருந்தது உண்மைதான். ஆனால் பசி மட்டும் துரத்தியிருந்தால் கப்பல் நின்ற இடத்திலேயே இறங்கி ஏதோ ஒரு வேலை தேடியிருப்பார்கள். அவர்களை ஸ்க்ரான்டன் பக்கம் இழுத்தது ஆந்த்ரசைட் கரி. தெற்கு வேல்ஸின் மேற்குப் பகுதியில் கிடைக்கும் அதே கெட்டிக் கரி. லேசில் பற்றாது, பற்றிவிட்டால் புகையில்லாத கடும் சூடு.

இதை வைத்து இரும்பு உருக்க அமெரிக்காவில் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். வேல்ஸில் டேவிட் தாமஸ் வேலை பார்த்த ஆலையில், ஊதுலைக்குள் சூடான காற்றைச் செலுத்தி 1837இலேயே அதைச் சாதித்திருந்தார்கள். ஒரு பென்சில்வேனியா கம்பெனி ஒப்பந்தம் போட்டு அந்த மனிதரையே கூட்டிவந்துவிட்டது. 1840 ஜூலை 4 அன்று பென்சில்வேனியாவின் கேடசாக்வா ஊரில் இரும்பு வழிந்தது. அப்புறம் கரிக்குக் கிராக்கி ஏறியது. அதை வெட்டிப் பழகிய கைகள் வேல்ஸில் இருந்தன.

ஆகவே அவர்களைக் கூலிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துளை போட்டு, மருந்து கெட்டித்து, வெடி வைத்துக் கரியைச் சரிப்பது மைனர் (miner) எனப்படும் தேர்ந்த சுரங்கத் தொழிலாளியின் வேலை. அதை அள்ளி வண்டியில் ஏற்றுவது உதவியாள் வேலை. வண்டிக் கணக்கில் காசு என்பதால், தேவையான கரியைச் சரித்ததும் மைனர் மதியமே வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். உதவியாள் இருந்து அள்ளி முடிக்கவேண்டும். ஸ்க்ரான்டன் பக்கத்தில் மைனர் பெரும்பாலும் வேல்ஸ்காரர், உதவியாள் பெரும்பாலும் அயர்லாந்துக்காரர். பகை வளராமல் இருக்குமா?

நீங்கள் கேள்விப்பட்டது ஏவண்டேல் என்ற கரிச் சுரங்கத்தில் நடந்த விபத்து. 1869 செப்டம்பர் 6. உள்ளே போக, வெளியே வர, காற்று வர எல்லாவற்றுக்கும் ஒரே குழி. அதன் வாய்க்கு மேலேயே கரி உடைக்கும் மரக்கட்டடம். குழியில் பிடித்த தீ கட்டடத்தையும் எரித்து வழியை அடைத்துவிட்டது. 110 பேர் செத்தார்கள், பெரும்பாலும் வேல்ஸ்காரர்கள். அயர்லாந்துக்காரர்கள்தான் தீ வைத்தார்கள் என்று வதந்திகூடக் கிளம்பியது! இரண்டாவது வழி கட்டாயம் என்ற சட்டம் 1870இல்தான் வந்தது. கைத்திறமை கூலியைப் பேசி வாங்க உதவியது. எத்தனை குழி வெட்டுவது என்பதை முடிவு செய்தது முதலாளிதான்.

அடுத்த தடவை போனால் மெக்டேட் பூங்காவிலுள்ள லாக்கவானா சுரங்கத்துக்குள் இறங்கிப் பாருங்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.