அலையாத்திக் கன்றுகள் ஏன் பிழைப்பதில்லை? எப்படி நட வேண்டும்?

கேள்வி: புயலுக்கு அரணாகவும் கரிமத்தைச் சேமிக்கவும் எங்கள் ஊர்க் கழிமுகத்தில் அலையாத்தி நட விரும்புகிறோம். முன்பு நட்டவை ஓராண்டில் காய்ந்துவிட்டன. எங்கே தவறு?

எந்தக் கன்று என்று பார்ப்பதற்கு முன், ஓதநீர், அதாவது கடல் ஏற்றத்திலும் வற்றத்திலும் வந்து போகும் நீர், அந்த இடத்துக்கு எப்படி வந்து எப்படி வடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலான நடவுகள் தோற்பது அங்கேதான்.

பிச்சாவரம் இதற்கு நல்ல பாடம். 1970-கள் வரை அங்கே காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து, இறுகி, தொட்டிபோலத் தாழ்ந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் வற்றத்தில் வெளியேற முடியாமல் தேங்கி ஆவியானது. உப்பு மட்டும் மிஞ்சியது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கோடையில் இந்தப் பள்ளங்களின் மண்நீர் அதையும் தாண்டிவிடும். அங்கே எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் வீண்தான்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் அங்கே கையாண்ட தீர்வு, மீன்முள் வடிவ வாய்க்கால். இயற்கையான ஓடையிலிருந்து பள்ளத்துக்குள் ஒரு முதன்மை வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். முதன்மை வாய்க்கால் மேலே 2 முதல் 3 மீட்டர், அடியில் 1 மீட்டர் அகலமும், சுமார் 1 மீட்டர் ஆழமும் இருக்கலாம். கிளைகள் இன்னும் சிறியவை. கரையைச் செங்குத்தாக வெட்டாதீர்கள், முதல் மழையிலேயே சரிந்துவிடும். வெட்டுவதற்கு முன் கொத்தனார்களின் டியூப் மட்டத்தால் உயரம் பார்த்து, ஓடையை நோக்கி வாட்டம் இருக்கும்படி குச்சி நட்டுக்கொள்ளுங்கள். அடிமட்டம் தவறினால் வாய்க்காலே இன்னொரு குட்டையாகிவிடும். அலையாத்திப் பகுதிகள் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் கீழ் வருவதால், வனத்துறை உள்ளிட்ட உரிய துறைகளின் அனுமதியின்றி மண்ணைத் தொடக் கூடாது.

ஒரு மழைக்காலம் முழுக்க ஓதமும் மழையும் உப்பைக் கழுவிய பிறகு நடுங்கள். இடம் வாய்க்கால் சரிவின் நடுப்பகுதி. அடியில் நட்டால் மூழ்கி அழுகும். உச்சியில் நட்டால் காயும். அலையாத்தி வகைகளில் உப்பை அதிகம் தாங்குவது வெண்கண்டல், அதனால் பெரும்பகுதி அதுவே இருக்கட்டும். சுரபுன்னை என்ற இன்னொரு வகையை ஓடையோரம், நாளும் நீர் வந்து போகும் இடத்தில் மட்டும் வையுங்கள். அதன் நீண்ட முளைவிதையைச் சேற்றில் செருகினாலே போதும் என்பதால் எல்லா இடத்திலும் அதையே நட்டுவிடுகிறார்கள். இது பெரிய பிழை. கடலைப் பார்த்த தாழ்ந்த சேற்றுத்திட்டில் நடுவதும் அப்படித்தான். அங்கே அலை பிடுங்கும், கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிர் தண்டில் ஒட்டிக் கன்றைச் சாய்க்கும்.

நட்டதோடு வேலை முடியாது. வெண்கண்டல் இலை ஆடுமாடுகளுக்கு மிகவும் பிடிக்கும். மேய்ச்சல்காரர்களோடு முன்கூட்டியே பேசி வேறு இடம் ஒதுக்காவிட்டால் வேலி நிற்காது. வாய்க்கால்கள் வண்டலால் தூர்ந்துபோகும். ஆண்டுதோறும் ஆழம் பார்த்து, தூர் வாரும் செலவை முதல் நாளே திட்டத்தில் சேருங்கள். பணம் பெரும்பாலும் கன்றுக்கே போய்விடுகிறது.

கரிமக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். அலையாத்திக் காட்டின் கரிமத்தில் பெரும்பங்கு மரத்தில் இல்லை, காற்றுப் புகாத சேற்றில் இருக்கிறது. தேவைக்கு மேல் தோண்டினால் அந்தச் சேறு காற்றில் பட்டு, சேமித்ததையே வெளியேற்றும். ஓதம் தானாகவே வந்து போகும் இடங்களில் வாய்க்கால் வேண்டாம். அருகில் தாய்மரங்கள் இருந்தால், மேய்ச்சலைத் தடுத்தாலே விதை தானாக வந்து முளைக்கும்.

அரண் என்பதற்கும் அளவு உண்டு. காடு அலையின் வேகத்தைக் குறைக்கும். பெரும்புயலில் அதுவே முறியும். 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டைக் கடுமையாகச் சிதைத்தது. கடல்மட்டம் உயரும்போது இந்தக் காடு நிலப்பக்கம் நகர வேண்டும். பின்னால் இறால் பண்ணைக் கரையோ சாலையோ இருந்தால் அதற்கு வழியில்லை. ஆகவே வரைபடத்தில் நடவுப் பகுதியோடு அதற்குப் பின்னுள்ள தரிசையும் குறித்து, அங்கே கட்டுமானம் வராதபடி ஊராட்சியில் தீர்மானம் போடுங்கள்.