கவிச்சி முதல் கிரியாட்டினின் வரை: உடம்பின் கழிவுகள் பற்றி உங்கள் கேள்விகள்

உடம்பில் உண்டாகும் கழிவுகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் மும்பையின் தாராவியிலிருந்து டோம்பிவலி வரை கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவமனை லேபில் உயிர்வேதியியல் பிரிவில் வேலை பார்த்தவன், டாக்டர் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வேன். மருந்து சொல்ல மாட்டேன்.

தாராவி: அண்ணாச்சி, மீனைப் புளித்தண்ணியில அலசுனா கவிச்சி போயிடுதே, எப்படி? சுறாவுல மட்டும் ஏன் மூத்திர வாடை அடிக்குது?

கடல் மீனின் சதையில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு வாடையே கிடையாது. மீன் செத்ததும் பாக்டீரியாக்கள் அதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கின்றன. மிஞ்சுவது டிரைமெத்தில் அமீன். கவிச்சி என்று நாம் சொல்வது அதைத்தான். அது எளிதில் ஆவியாகும், அதனால்தான் மூக்கைத் துளைக்கிறது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பட்டதும் உப்பாக மாறிவிடும். உப்பு ஆவியாகாது, அலசுகிற தண்ணீரோடு போய்விடும். இங்கே கொங்கண் வீடுகளில் மீன் குழம்புக்குக் கோகம் என்ற புளிப்புப் பழத்தோலைப் போடுகிறார்களே, அதிலும் அமிலம்தான் இந்த வேலையைச் செய்கிறது.

சுறா வேறு கதை. உப்புக் கடலுக்குள் தன் உடம்புத் தண்ணீரை இழக்காமல் இருக்க, அது யூரியாவை வெளியேற்றாமல் ரத்தத்திலும் சதையிலும் தேக்கி வைத்துக்கொள்கிறது. செத்த பிறகு பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை உடைக்க, அம்மோனியா கிளம்புகிறது. சுறாப்புட்டுக்கு மஞ்சள் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தானே தோலை உரித்து உதிர்க்கிறோம்? யூரியாவும் அம்மோனியாவும் பெருமளவு அந்தத் தண்ணீரோடு போய்விடும். மார்க்கெட்டிலேயே வாடை தூக்கலாக இருந்தால் வாங்காதீர்கள்.

மாட்டுங்கா: மாமா, யூரியா வயலுக்குப் போடற உரம் ஆச்சே. என் பிளட் ரிப்போர்ட்டில் ஏன் வரது?

அதே யூரியாதான், ஒரு அணு கூட வித்தியாசம் கிடையாது. 1828-ல் ஃபிரெட்ரிக் வோலர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அதை உயிருள்ள எதன் உதவியும் இல்லாமல் செய்து காட்டினார்.

பருப்போ தயிரோ மீனோ, எந்தப் புரதத்தைச் சாப்பிட்டாலும் தேவைக்கு மேல் உள்ளதை உடம்பு சேமித்து வைக்காது. அதை உடைத்து, அதில் உள்ள கரியை, அதாவது கார்பனை, எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். நைட்ரஜன் அம்மோனியாவாக மிஞ்சும். அம்மோனியா மூளைக்கு விஷம். ஈரல் கெட்டுப்போனவர்கள் சில நேரம் நாள் கிழமை தெரியாமல் குழம்பி, நினைவு தப்பிப் போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

நல்ல ஈரல் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அம்மோனியாவிலிருந்து ஒரு நைட்ரஜன், அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலத்திலிருந்து இன்னொன்று, நாம் வெளிவிட இருந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஒரு கரியணு. இவற்றைச் சேர்த்து யூரியாவாகக் கட்டிவிடுகிறது. 1932-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் கிரெப்ஸும் அவரிடம் படித்த குர்ட் ஹென்செலைட்டும் எலி ஈரல் துண்டுகளை வைத்து இந்தச் சுழற்சியைக் கண்டுபிடித்தார்கள். ஆர்னிதின் என்ற பொருளைக் கொஞ்சம் சேர்த்தாலே யூரியா உற்பத்தி ஏறியது, ஆனால் ஆர்னிதின் செலவாகவில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது திரும்பக் கிடைத்துவிடுகிறது என்று அவர்களுக்குப் புரிந்தது. உயிர்வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

பெரியவர் ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் யூரியாவைச் சிறுநீரில் வெளியேற்றுகிறார். இதைத் தயாரிக்க உடம்பு ஆற்றலையும் செலவழிக்கிறது. மீனுக்கு அந்தச் செலவு இல்லை. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் அம்மோனியாவை அப்படியே செவுள் வழியாக விட்டுவிடும்.

செம்பூர்: ஜன்னல் கிரில் முழுக்கப் புறா எச்சம். அது ஏன் வெள்ளையா இருக்கு சார்?

அந்த வெள்ளை யூரிக் அமிலம். முட்டைக்குள் வளரும் குஞ்சு சிறுநீர் கழிக்க எங்கே போகும்? யூரியாவாக இருந்தால் கரைந்து அதற்குள்ளேயே தேங்கும். யூரிக் அமிலம் கரைவதில்லை, ஒரு மூலையில் படிந்து கிடக்கும். வளர்ந்த பறவைக்கும் லாபம்தான்: தண்ணீர் மிச்சம், பறக்கும்போது சுமை குறைவு. பல்லி எச்சத்தின் நுனியில் தெரியும் வெள்ளையும் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ந்த புறா எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அந்தத் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் அழற்சி வந்து நிரந்தரத் தழும்பில் போய் நிற்கும். முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிடுங்கள், முகமூடி போட்டுக்கொண்டு பிறகு வழித்தெடுங்கள்.

முலுண்ட்: எனக்கு யூரிக் ஆசிட் 8.1. கட்டைவிரல் வீங்கி வலிக்குது. பருப்பையே விடணும்னு சொல்றாங்களே?

புறாவுக்கு உதவுகிற அதே குணம்தான் உங்களுக்குத் தொல்லை கொடுக்கிறது. நம் யூரிக் அமிலம் புரதத்திலிருந்து வருவதில்லை, பியூரினிலிருந்து வருகிறது. டிஎன்ஏவில் இருக்கும் பொருள் அது. பெரும் பகுதி நம் சொந்த செல்களிலிருந்தும், மீதி சாப்பாட்டிலிருந்தும் வருகிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிக் அமிலத்தை இன்னும் ஒரு படி உடைக்கிற நொதி இருக்கிறது. மனிதனும் பெருங்குரங்குகளும் பரிணாமத்தில் அதை இழந்துவிட்டன. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் தாண்டினால் படிகமாக இறங்க ஆரம்பிக்கும். குளிர்ச்சியான இடத்தில் கரைதிறன் இன்னும் குறையும், அதனால்தான் கால் கட்டைவிரல் முதலில் மாட்டுகிறது.

சாம்பாரை விட வேண்டாம். பருப்பு, கீரையில் உள்ள பியூரினால் கவுட், அதாவது இந்தப் படிகங்களால் வரும் மூட்டு வீக்கம், வரும் ஆபத்து கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறைக்க வேண்டியவை ஈரல், சிவப்பு இறைச்சி, மத்தி போன்ற மீன்கள், பீர், அப்புறம் பாட்டில் குளிர்பானம். குளிர்பானத்தில் உள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை ஈரலில் உடையும்போது யூரிக் அமிலத்தை ஏற்றிவிடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. வீங்கி வலிக்கிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

டோம்பிவலி: அப்பாவுக்குக் கிரியாட்டினின் 1.4. நிறைய தண்ணி குடிச்சா இறங்கிடுமா?

எண்ணை இறக்குவது நோக்கமாக இருக்கக் கூடாது. கிரியாட்டினின் தசையில் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டாகிற கழிவு. சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போலத் தவிர எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அந்த வடிகட்டல் குறைந்தால் கிரியாட்டினின் தேங்கும். ஆனால் வடிகட்டும் திறன் பாதியளவு போகிற வரைக்கும் இந்த எண் நார்மலாகவே இருக்கலாம். மறுபக்கம், முந்தின ராத்திரி மட்டன் பலமாகச் சாப்பிட்டிருந்தாலும் கொஞ்சம் ஏறும். அதனால் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம். மறுபடி எடுங்கள், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பாருங்கள், பிரஷரும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கட்டும். மூட்டு வலிக்கென்று கடையில் தானாக வாங்கி விழுங்கும் மாத்திரை ஏதாவது இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இது ரொம்ப முக்கியம்.

தாணே: பேத்திக்கு மஞ்சள். காலை வெயிலில் காட்டினால் போதாதா? லைட்டில் வைக்கணும்கிறார் டாக்டர்.

போதாது அம்மா, லைட்டில் வையுங்கள். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது உடையும்போது அதில் உள்ள ஹீம் என்ற சிவப்பு நிறப்பொருள் முதலில் பச்சை நிறப் பிலிவெர்டினாகி, பிறகு மஞ்சள் பிலிருபினாகிறது. அடிபட்ட இடம் கன்றிப்போய், பச்சையாகி, மஞ்சளாகி மறைவதைப் பார்த்திருப்பீர்கள், அது தோலுக்கு அடியில் நடக்கும் இதே வேலை. பச்சிளம் ஈரலுக்குப் பிலிருபினைத் தண்ணீரில் கரையும்படி மாற்றுகிற திறன் இன்னும் முழுதாக வந்திருக்காது. நீல ஒளி பட்டால் அதன் வடிவம் மாறி, ஈரலின் உதவி இல்லாமலே கரைந்து வெளியேறும்.

1956-ல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற செவிலியர் குழந்தைகளை வெயிலில் வைத்திருந்தபோது, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருப்பதைக் கவனித்தார். அப்படித்தான் இந்தச் சிகிச்சையே பிறந்தது. ஆனால் வெயிலில் அளவு வைக்க முடியாது, புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்து வரும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காதீர்கள். பிலிருபின் மூளையில் ஏறிவிட்டால் அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது.

சயான்: எடை குறைஞ்சா கொழுப்பு எங்கே போகுது? வேர்வையாவா?

பெரும் பகுதி மூச்சில் போகிறது. 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாகவும் 1.6 கிலோ தண்ணீராகவும் மாறும் என்று 2014-ல் ஆஸ்திரேலியாவில் ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மும்பைப் புழுக்கத்தில் ஊற்றுகிற வேர்வை தண்ணீரும் உப்பும்தான், குடித்தால் திரும்பி வந்துவிடும்.

நவி மும்பை: டீடாக்ஸுக்காக வெறும் வயித்துல சுரைக்காய் ஜூஸ் குடிக்கிறேன். சரியா?

மேலே சொன்னதெல்லாம் நீங்கள் தூங்கும்போதும் நடந்துகொண்டே இருக்கிறது, அதற்கு ஜூஸ் தேவையில்லை. சுரைக்காயைக் கூட்டு வைத்துச் சாப்பிடுங்கள். குடித்தே தீருவேன் என்றால், கசந்தால் ஒரு மடக்கு கூட விழுங்காதீர்கள். கசப்புச் சுரைக்காயில் குக்கர்பிட்டாசின் என்ற நஞ்சு இருக்கிறது. ரத்த வாந்தி எடுத்து இறந்தவர்கள் நம் நாட்டில் உண்டு.

கோவண்டி: தேவ்னார் குப்பைமேடு ஏன் தானா எரியுது? வீட்டு பால்கனியில உரம் போட்டா அம்மோனியா வாடை வருதே, அதுவும் ஆபத்தா?

தேவ்னாரில் 1927-லிருந்து குப்பை கொட்டுகிறார்கள். அடியில் காற்றுப் போகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் காய்கறிக் கழிவை உடைத்து மீத்தேனை விடுகின்றன. மீத்தேன் எரிவாயு, ஒரு பொறி போதும். 2016 ஜனவரியில் எழுந்த புகை நினைவிருக்கும்.

உங்கள் தொட்டியில் அப்படி எதுவும் நடக்காது. அம்மோனியா வருகிறது என்றால் நைட்ரஜன் அதிகம், கரி குறைவு. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 30 பங்கு கரி இருந்தால் நுண்ணுயிர்கள் அந்த நைட்ரஜனைத் தங்கள் உடம்பாக மாற்றிக்கொள்ளும், வாடையாக வெளியே விடாது. ஒவ்வொரு கைப்பிடிக் காய்கறித் தோலுக்கும் இரண்டு கைப்பிடிக் காய்ந்த சருகோ கிழித்த அட்டைப்பெட்டியோ போட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். மழைக்காலத்தில் மேலே மூடி வையுங்கள், ஊறிப்போனால் காற்று உள்ளே போகாது.