ரத்தம் கொடுக்கலாமா? மாணவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

ரத்த வங்கியில் டெக்னீசியனாக இருக்கிறேன். கல்லூரி முகாம்களுக்குப் போகும்போதெல்லாம் மாணவர்கள் கேட்கும் கேள்விகள் இவை.

அக்கா, என் எடை 47 கிலோதான். "உன்னிடம் எடுக்கவே மாட்டார்கள்" என்கிறார்கள் தோழிகள். (பி.காம். இரண்டாம் ஆண்டு)

18 வயது ஆகியிருந்தால் 45 கிலோவே போதும்மா. உங்களிடம் 350 மில்லிதான் எடுப்போம். 450 மில்லி எடுக்க 55 கிலோவுக்கு மேல் வேண்டும். எடையைவிட ஹீமோகுளோபின்தான் பெண்களைத் தடுக்கிறது. அது 12.5 இருக்க வேண்டும். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை நீலநிற காப்பர் சல்பேட் கரைசலில் விடுவோம். சரசரவென்று மூழ்கினால் சரி. மிதந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். அப்படித் திரும்பும் பிள்ளைகள் கண் கலங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவமானமாக நினைக்காதீர்கள். ரத்தசோகை இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரியவருகிறது. டாக்டரைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு திரும்ப வாருங்கள்.

போன முறை மயங்கி விழுந்தேன். இனி கொடுக்கக் கூடாது என்கிறார் அம்மா. (பாலிடெக்னிக் மாணவர்)

தம்பி, அன்று காலையில் சாப்பிட்டீர்களா? சுகர் டெஸ்ட் மாதிரி வெறும் வயிற்றோடுதான் வர வேண்டும் என்று நினைத்து வருகிறவர்கள் நிறைய. இட்லியோ சாதமோ சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கொடுத்து முடித்ததும் கால் மணி நேரம் உட்காருங்கள், உடனே பைக்கை எடுக்க வேண்டாம். அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: ரத்தத்தோடு வெளியே போன நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்களுக்குச் சில வாரங்கள் ஆகும். அதனால்தான் ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி. மறுபடியும் மயக்கம் வந்தால் முகாம் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நண்பனின் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றால் நடுராத்திரியிலும் ஓடுவேன். முகாமில் எதற்குக் கொடுக்க வேண்டும்? (பொறியியல் மூன்றாம் ஆண்டு)

நல்ல மனசு. ஆனால் நீங்கள் ஓடிவந்து கொடுக்கும் ரத்தத்தை அப்படியே ஏற்ற முடியாது. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து பரிசோதனைகள் முடிய வேண்டும். பிரசவத்தில் ரத்தம் கொட்டுகிற பெண்ணால் அதுவரை காத்திருக்க முடியுமா? அவளைக் காப்பாற்றுவது ஏற்கெனவே ஃபிரிட்ஜில் இருக்கிற பைதான். அப்புறம், ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) ஐந்து நாள்தான் தாங்கும். ஒரே நாளில் ஐந்நூறு பேர் கொடுத்துவிட்டு வருடம் முழுக்க மறந்துவிட்டால் பயனில்லை. கல்லூரி விடுமுறை விடும் மே மாதத்தில் எங்கள் அலமாரியைத் திறந்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். இன்னொன்று: தெரிந்தவருக்காக அவசரத்தில் வருகிறவர் தனக்கு மஞ்சள் காமாலை இருந்ததைச் சொல்லத் தயங்குவார். முகாமில் அந்த நெருக்கடி இல்லை.

ஊசியால் ஏதாவது தொற்றிவிடுமா?

தொற்றாது. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை இன்னொருவருக்குப் போடுவதே இல்லை. உங்கள் கண் முன்னால்தான் ஊசியோடு வரும் புதுப் பையைப் பிரிப்போம், பாருங்கள்.

போன மாதம்தான் டாட்டூ குத்தினேன்.

குத்திய நாளிலிருந்து ஒரு வருடம் பொறுங்கள். அந்தத் தேதியை போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், காத்திருக்கிறேன்.